முழுப்பெயர்

கடலூர் அரசு மருத்துவமனை,
இரவுச் சீட்டுக் கவுண்டர்.
நான் ஊசி போடுபவன் இல்லை.
பெயர், தகப்பன் பெயர், வயது, தெரு
நாலும் கேட்டு எழுதித் தருபவன்.
பதினோரு வருடமாக இதே ஜன்னல்,
கண்ணாடியில் இதே அரைவட்ட ஓட்டை.
முகங்களைவிடக் கைகளைத்தான் அதிகம் தெரியும் எனக்கு.

ஐப்பசியில் ஒருநாள் வந்த கையில்
மீன்செதில் ஒட்டியிருந்தது.
துறைமுகத்திலிருந்து மழையோடு மழையாக பைக்கில்.
தோளில் ஒரு சிறுமி.
பிள்ளை பேர் சொல்லுங்க என்றேன்.
தகப்பன் வாயெடுக்குமுன்
அவளே சொல்லப் பார்த்தாள்,
பள்ளிக்கூடத்தில் அப்படிப் பழக்கியிருப்பார்கள்.

யா

ழி

னி

எழுத்துப்பிழை வரக்கூடாதே என்று
சிறப்பு ழகரமா எனக் கேட்டேன்.
தலையை மட்டும் ஆட்டினாள்.
கம்ப்யூட்டர் நின்று நின்று ஓடியது.
அவர்களுக்கு முன்னால் ஆறு பேர்.
நியாயமாக நடந்துகொண்டேன்,
யாரையும் இடையில் விடவில்லை.

பத்து நாள் கழித்து டாக்டர் ஷமீமா
ஒரு தாளோடு எல்லோரையும் உட்காரவைத்தார்,
வாட்ச்மேன் உட்பட.
வாசலில் கால் வைத்ததிலிருந்து
முதல் மருந்துப்புகை முகத்தில் படும்வரை
நாற்பத்தேழு நிமிடம்.
என் ஜன்னலில் பத்தொன்பது.
எடை பார்க்க ஏழு.
அலமாரிச் சாவி பதினொன்று.
ஆக்சிஜன் ஸ்பேனரைத் தேடியது ஆறு.
மிச்சம் நாலு யாருடையது என்று
யாருக்கும் தெரியவில்லை.
டாக்டர் யாரையும் திட்டவில்லை.
திட்டியிருந்தால் டீ குடித்துவிட்டு மறந்திருப்பேன்.
அந்த நாலையும் என் கணக்கிலேயே
எழுதிக்கொண்டேன்.

பெரிதாக ஒன்றும் வாங்கவில்லை.
ஸ்பேனரைச் சங்கிலி போட்டு
சிலிண்டரோடு பிணைத்தோம்.
சாவி, சிஸ்டர் பிலோமினாவின் பையிலிருந்து
ஆணிக்கு வந்தது.
பக்கத்து ஆணியில் பம்ப்பும் ஸ்பேசரும்.
வயதுக்கு இத்தனை கிலோ என்று
சுவரில் பெயின்டால் எழுதினோம்.
சீட்டு பிறகு.

எனக்கு மட்டும் ஒரு பாடம்:
"அதே கேள்விதான் அண்ணே, பேரைக் கேளுங்க.
எழுதாதீங்க. எத்தனை மூச்சில்
சொல்றாங்கன்னு பாருங்க.
உடைஞ்சு வந்தா மணி அடிங்க.
பேச்சே வரலைன்னா தூக்கிட்டு ஓடுங்க.
வீசிங் சத்தம் கேக்கலைன்னு நிம்மதிப்படாதீங்க,
சத்தம் போடக்கூட உள்ளே காத்து இல்லாம இருக்கும்."

தண்ணீர் ஃபில்டர் மேலே ஒரு தாள்.
வாரா வாரம் பிலோமினா எழுதுவார்.
முப்பத்தொன்று. இருபத்தாறு. மறுபடி இருபத்தாறு.
பதினான்கு. ஒன்பது.
அப்புறம் இருபத்திரண்டு.
அழிக்கச் சொன்னார்கள், இன்ஸ்பெக்ஷன் வருகிறதாம்.
அழிக்காமல் பக்கத்தில் 'போகி' என்று
எழுதிவைத்தார்.
டயர் எரிந்த அந்த விடியலில்
ஒரே நேரத்தில் ஏழு பிள்ளைகள்.
ஸ்பேசர் இரண்டுதான்.

நேற்று இரண்டு மணிக்கு
சிப்காட் பக்கமிருந்து ஒரு ஆட்டோ.
நைட்டி மேல் துண்டு போட்ட அம்மா,
அவள் இடுப்பில்
இடுப்பு தாங்காத வயதுப் பையன்.
பேரென்ன ராஜா?

மு

கி

லகரம் வரும்வரை நான் காத்திருக்கவில்லை.

ஐந்தே கால் ஆனது விட்ட பெயரை எழுதிக்கொள்ளப் போக.
மாஸ்க்கைத் தூக்கிவிட்டுக்கொண்டு
அம்மாவிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தான்:
"என் ஒத்தச் செருப்ப ஆட்டோவுலயே விட்டுட்டு வந்துட்டியே நாளைக்கு ஸ்கூலுக்கு எதப் போட்டுட்டுப் போவேன்"
ஒரே மூச்சில்.
முகிலரசன். எட்டு வயது.
நிதானமாக எழுதினேன்.

பழைய ரெஜிஸ்டரில் அந்த மழைநாள் பக்கம்.
யாழினி, ஆறு,
புதுச்சேரிக்கு அனுப்பப்பட்டார்.
அதற்குமேல் கட்டம் இல்லை அந்த ரெஜிஸ்டரில்.
தகப்பன் செல் நம்பர் எனக்கு மனப்பாடம்.
ஒன்பது எண் வரைக்கும்
அழுத்தியிருக்கிறேன்.